பாலைவனத்தில் தர்தூத் தேடிப் போகிறவர்களுக்கு

சவூதியின் கிழக்கு மாகாணம், குவைத், கத்தார் பக்கம் வேலைக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்கள் இதைப் பார்த்திருக்கக் கூடும். மழை பெய்து சில வாரம் கழித்து, சாலையோரத்தில் பிக்கப்பை நிறுத்திப் பின்பலகையை இறக்கி, ஒரு பக்கம் ஃபகா என்ற பாலைவனக் காளானைக் குவித்து வைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம் சாண் நீளத்தில் கருஞ்சிவப்பாக, இலையும் இல்லாமல் கிளையும் இல்லாமல், உரித்த மக்காச்சோளக் கதிரை ரத்தத்தில் தோய்த்து எடுத்த மாதிரி கட்டுக் கட்டாக ஏதோ கிடக்கும். அதுதான் தர்தூத். நான் முதலில் பார்த்தபோது கடலிலிருந்து வந்தது என்றே நினைத்தேன், எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக் கடல் அட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அது மீனும் இல்லை, காளானும் இல்லை, பூக்கிற செடி. சைனோமோரியம் காக்சினியம் என்பது தாவரவியல் பெயர். பச்சையம் துளிகூடக் கிடையாது, அதனால் வெயிலை வைத்துச் சமைத்துச் சாப்பிட அதற்குத் தெரியாது. மண்ணுக்கடியில் பக்கத்துப் புதரின் வேரில் உறிஞ்சு வேரைச் செருகி அங்கிருந்தே தண்ணீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் வேலி மேல் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார் கூந்தலும், புகையிலைத் தோட்டத்தில் முளைத்து விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் புகையிலைக் காளானும் இதே பிழைப்புதான். வருடத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளேயே கிழங்குத் தண்டாகக் கிடந்துவிட்டு, பூக்க மட்டும் வெளியே தலையை நீட்டும். நாம் தின்பது அந்தத் தலைக்குக் கீழே உள்ள தண்டை.

நான் ஏழெட்டு சீசன் போயிருக்கிறேன், அதில் பாதி வெறுங்கையோடு திரும்பியது. சொல்லிக் கொடுத்தவர் ஒட்டகம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவர் சொன்னதையும் நான் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன், புதிதாகப் போகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

எப்போது போவது

காலண்டரை விட மழையைக் கணக்கு வையுங்கள். அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை வரும் 52 நாளை அரபியர்கள் வஸ்ம் என்பார்கள். அந்த நாட்களில் நல்ல மழை விழுந்தால் ஃபகாவும் நன்றாக வரும், தர்தூத்தும் நன்றாக வரும். வஸ்ம் காய்ந்துபோய், ஜனவரியில் தாமதமாகக் கொஞ்சம் தூறினால் பாலை பச்சையாகத் தெரியும், ஆனால் நாம் தேடுவது அவ்வளவாகக் கிடைக்காது. பொதுவாக ஜனவரிக் கடைசியிலிருந்து தலை காட்டும். பிப்ரவரியும் மார்ச் பாதியும் தின்பதற்கு ஏற்ற நேரம். ஏப்ரலில் போனால் கறுத்து, சுருங்கி, உள்ளே நார் மட்டும் இருக்கும் குச்சிகளைத்தான் பார்ப்பீர்கள், படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் கருஞ்சிவப்பும் புதரின் நிழலும் ஒன்றாகிக் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது மண்ணில் சின்ன மேடு, வெடிப்பு எல்லாம் தெரியும். தலை நீட்டாத தர்தூத் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும், மண் லேசாக உப்பி நட்சத்திரம் மாதிரி வெடித்திருக்கும். ஃபகா தேடுகிறவர்களும் இந்த வெடிப்பைத்தான் பார்ப்பார்கள். குனிந்து தோண்டினால் இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

முதலில் புதரைப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, சிவப்பைத் தேடிக்கொண்டே நடப்பது. நானும் முதல் வருடம் அப்படித்தான் ஆறு மணி நேரம் நடந்தேன், ஒன்று கிடைத்தது, அதுவும் ஒட்டகம் கடித்துப் போட்ட மிச்சம். இரண்டாவது வருடம் பெரியவர் வண்டியை ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி, இறங்காமலே கை நீட்டிக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். புதரைப் பார் என்றார்.

தர்தூத்துக்குத் தனியாக வாழ்க்கை இல்லை, அது ஒட்டியிருக்கும் புதர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் உப்பு மண்ணில் வளரும் புதர்கள். ரிம்த் என்று அவர்கள் சொல்லும், இலையே இல்லாத மாதிரி கணுக்கணுவாக இருக்கும் புதர் ஒன்று. ஹர்ம் என்ற, சிறு காய் மாதிரி உருண்டையான சதைப்பற்று இலைகளோடு இருக்கும் குத்துச்செடி இன்னொன்று. அப்புறம் உமிரிச் செடி. ஆமாம், தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்தில் உப்பளத்து ஓரம் வளருமே, கீரையாகப் பறித்து உப்பே போடாமல் சமைப்போமே, அந்த உமிரியின் சொந்தக்காரர்கள் வளைகுடா ஓரத்து உப்புத் தரையெங்கும் இருக்கிறார்கள். கடலோர ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வசதி, செடியை அடையாளம் காணத் தனியாகப் படிக்க வேண்டாம். உப்புப் பூத்த தாழ்ந்த தரைக்கு இங்கே ஸப்கா என்று பெயர். ஸப்காவின் நடுவில் எதுவும் முளைக்காது, வண்டி புதைவதுதான் நடக்கும். அதன் விளிம்பில், மணல் ஏறத் தொடங்கும் இடத்தில் தேடுங்கள்.

புதரின் அடியிலேயே எப்போதும் இருக்காது. வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அவ்வளவு தள்ளியும் முளைக்கும். அதனால் ஒரு நல்ல புதரைப் பார்த்தால் அதைச் சுற்றி வட்டமாக நடங்கள், ஒன்று கிடைத்தால் அங்கேயே நின்று சுற்றிலும் பாருங்கள், ஒற்றையாக வருவது குறைவு.

பழைய அரபு அகராதிகளில் ஒரு சொலவடை இருக்கிறது: ரிம்த் இல்லாத தானூன், அர்தா இல்லாத தர்தூத். அர்தாவும் மணலில் வளரும் ஒரு புதர்தான். ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்து பிறகு ஆதரவு எல்லாம் போய் நிற்கிறவர்களைப் பற்றிச் சொல்வது.

அந்தத் தானூனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தடவை போகிறவர்கள் அதைத்தான் முதலில் கண்டுபிடித்து ஆர்ப்பாட்டம் பண்ணுவார்கள். அதுவும் ஒட்டுண்ணி, அதே புதர்களில்தான் வரும், ஆனால் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பூக்கள் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தர்தூத்தில் பூ என்று தனியாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது, தலைப்பகுதி முழுக்கப் பொடிப்பொடியாகச் சொரசொரப்பாக, வெல்வெட்டில் மணல் ஒட்டிய மாதிரி இருக்கும். தானூன் கசப்பு. நான் நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியைச் சீனாவில் ரௌ சோங் ரோங் என்ற பெயரில் பெரிய மதிப்போடு வாங்குகிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுக்கும் முறை

ஒரு சின்னக் கத்தி, ஒரு கொத்துக் கரண்டி, பருத்தித் துணிப் பை, குடிக்கத் தேவைக்கு மேல் தண்ணீர். கையுறை கட்டாயம். புதருக்கடியில் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், தேளும் கொம்பு விரியனும் அதே நிழலைத்தான் தேடி வந்து படுத்திருக்கும். குவைத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: 1990-91 போரில் விழுந்து வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள் மழைக்குப் பிறகு மணலிலிருந்து மேலே தெரிவது உண்டு. உலோகமாக எதைப் பார்த்தாலும் தொடாமல் வந்த தடத்திலேயே திரும்பி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலி போட்ட இடம், பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் உள்ளே போகவே வேண்டாம். சவூதியில் அனுமதி இல்லாமல் செடியைப் பிடுங்கினால் அபராதம் உண்டு, அது இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியில் வேலை செய்கிற நமக்குத் தேவையில்லாத வம்பு. அதனால்தான் நான் கடந்த இரண்டு வருடமாக அந்தப் பகுதி அரபி ஒருவரோடு, அவர் மேய்ச்சலுக்குப் போகும் இடத்துக்கு மட்டும்தான் போகிறேன். அப்படி யாரும் தெரியாவிட்டால் கடையில் வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒட்டகமும் ஆடும் மேய்க்க வந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலரும் அங்கங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைப் பற்றித் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது.

சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள். பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் கீழே உள்ள கிழங்குத் தண்டோடு வந்துவிடும், புதரின் வேரும் அறுபடும், அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. சுற்றிலும் மண்ணைக் கையால் ஒதுக்கி, ஒரு விரல் நீளத்துக்குக் கீழே போய், கத்தியால் குறுக்கே அறுத்து எடுங்கள். பிறகு மண்ணை மூடிவிடுங்கள். ஒரு கூட்டத்தில் நான்கு இருந்தால் இரண்டை விட்டுவிடுங்கள், விதை விழட்டும்.

எது இளசு என்று பார்க்க இரண்டு வழி. விரல் நகத்தால் தண்டை அழுத்தினால் சாறு வர வேண்டும். தலைப்பகுதி பொடி உதிர்க்காமல் இறுக்கமாக இருக்க வேண்டும். மூக்கையும் பயன்படுத்தலாம், முற்றிப் பூத்துவிட்டது என்றால் முட்டைக்கோஸ் வேகவைத்த மாதிரி ஒரு வாடை வரும், அது ஈயைக் கூப்பிடுவதற்கான ஏற்பாடு, மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போவது ஈதான். ஈ மொய்த்தால் விட்டுவிடுங்கள், அது ஈயின் பங்கு.

பெரிய சாலை ஓரம், எண்ணெய் வேலை நடந்த இடம், குப்பை கொட்டிய இடம் பக்கத்தில் முளைத்ததைத் தொடாதீர்கள்.

சுத்தம் செய்வதும் சாப்பிடுவதும்

பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். நான் ஒருமுறை வண்டி டிக்கியில் இறுக்கிக் கட்டின பையில் விட்டுவிட்டு மறுநாள் திறந்தேன், கறுத்துக் கொழகொழவென்று ஆகி, அறையில் இருந்த எல்லோரும் என்னை வெளியே தள்ளாத குறை. துணிப் பையில் அல்லது ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆனால் எடுத்த அன்றே சாப்பிடுவதுதான் ருசி.

தண்டில் செதில் செதிலாக இருக்கும் இடுக்கில் மணல் நிறைய ஒளிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் சொரசொரப்பான தலையை அறுத்துத் தள்ளிவிட்டு, தண்டை அடியிலிருந்து மேலாகக் கரும்பு சீவுவது போலத் தோல் சீவுங்கள். உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் தண்ணீர் கோத்த சதை இருக்கும். அப்படியே கடித்துச் சாப்பிடலாம். அந்தப் பக்கத்து ஆட்கள் சாப்பிடுவது அப்படித்தான். ஒட்டகப் பயணத்தில் வழியில் தாகமும் பசியும் தீர்க்கிற தின்பண்டமாக இருந்தது இது.

ருசி எப்படி என்று கேட்டால், முதல் கடியில் இனிப்பு, ஆப்பிளைக் கடித்த மாதிரி மொறுமொறுப்பு, அதற்குப் பின்னாலேயே துவர்ப்பு வந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். இளம் வாழைப்பூவைப் பச்சையாகத் தின்றிருந்தால் அந்தத் துவர்ப்பு தெரிந்திருக்கும். இளசாக இருந்தால் இனிப்பு ஜெயிக்கும், முற்றியிருந்தால் துவர்ப்பு. வெட்டி வைத்தால் சீக்கிரம் நிறம் மாறிக் கறுக்கும், வாழைத்தண்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள், நறுக்கியதும் மோரில் போடுங்கள். கறுப்பதும் குறையும், துவர்ப்பும் தணியும்.

நான் செய்து பார்த்ததில் தேறியது தயிர்ப் பச்சடி. மெல்லிய வட்டமாக நறுக்கி மோரில் பத்து நிமிடம் வைத்து, பிழிந்து எடுத்து, கெட்டித் தயிரில் உப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கலந்தால் பச்சடி இளஞ்சிவப்பாக அழகாக வரும், பீட்ரூட் பச்சடியின் தூரத்துச் சொந்தம் மாதிரி. எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தின்பது இன்னும் சுலபம். பேரீச்சம்பழத்தோடு மாற்றி மாற்றிக் கடித்துப் பாருங்கள், அது பெரியவர் சொல்லிக் கொடுத்தது, துவர்ப்புக்கும் தித்திப்புக்கும் நல்ல ஜோடி. தேறாதது பொரியல். தேங்காய் போட்டு வதக்கினேன், இனிப்பு போய்விட்டது, மொறுமொறுப்பு போய்விட்டது, துவர்ப்பு மட்டும் பிடிவாதமாக இருந்தது. சாம்பார் செய்தாலும் அதே கதிதான் ஆகும், முயற்சி வேண்டாம்.

முதல் முறை இரண்டு துண்டு போதும். இதில் டானின் நிறைய, துவர்ப்புக்குக் காரணம் அதுதான், அது வயிற்றைக் கட்டும். வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுத்தார்கள் என்பதைக் கேட்டுவிட்டு ஆர்வத்தில் ஒரு கட்டு முழுதும் தின்றவர்கள் இரண்டு நாள் கழித்து வேறு மருந்து தேடுவார்கள். கர்ப்பிணிகள், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சின்னக் குழந்தைகள் தவிர்ப்பது நல்லது.

மிஞ்சினால் காயவைக்கலாம். தோல் சீவி, நீளவாக்கில் கீறி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் பத்து நாள் உலர்த்தினால் மரக்குச்சி மாதிரி ஆகிவிடும். உரலில் இடிப்பது நல்லது, மிக்ஸி பிளேடு பாவம். அந்தப் பொடியைத் தேநீர் மாதிரி கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் இதே செடியின் தம்பியான சுவோயாங்கை மாவில் பிசைந்து அடை மாதிரி தட்டிச் சுடுகிறார்கள். நான் கோதுமை மாவில் இரண்டு ஸ்பூன் பொடியும் கொஞ்சம் வெல்லமும் போட்டுச் சப்பாத்தி தட்டிப் பார்த்தேன், நிறம் கேழ்வரகு அடை மாதிரி, ருசி மோசம் இல்லை. அந்தச் சுவோயாங் பெயரில் அங்கே ஒரு பாழடைந்த நகரமே இருக்கிறது. சீனாவின் தாங் அரச மரபுக் காலத்துத் தளபதி சுவே ரெங்குயியின் படை முற்றுகையில் மாட்டி, இந்தச் செடியைத் தோண்டித் தின்று உயிர் பிழைத்ததாகக் கதை. 2014-இல் பட்டுப்பாதைத் தடங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் அந்த இடமும் சேர்ந்தது.

மருந்துப் பேச்சு

இதன் உருவத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றும், அரபியில் இதற்கு உள்ள வேறு சில பெயர்களை இங்கே எழுத முடியாது, தாவரவியல் பெயரின் கிரேக்க அர்த்தம்கூட அந்த ரகம்தான். அந்த உருவத்தை வைத்தே ஆண்மை மருந்து என்று பொடி விற்கிறார்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மத்திய தரைக்கடலின் மால்டாவில் இதைக் காளான் என்று நினைத்து, கோசோ தீவை ஒட்டி நிற்கும் ஒரு பாறையில் முளைப்பதை, அப்போது அந்தத் தீவுகளை ஆண்ட புனித யோவான் வீரர்கள் காவல் போட்டுக் காத்தார்கள். 1746-இல் அவர்களின் தலைவர் பிந்தோ அந்தப் பாறையில் ஏறவே தடை போட்டார். கரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கும் பெட்டியில்தான் ஆள் போய் வருவான். பாறைக்கு இன்றும் காளான் பாறை என்றுதான் பெயர், செடியோ காளானே இல்லை. இன்று அது இயற்கைக் காப்பிடம், அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது. என் கருத்து: இது தின்பதற்கு, பருவத்தில் நாலு முறை. நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள், பாட்டிலில் வரும் பொடிக்குப் பணம் கொடுக்காதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

தானூனின் சீனச் சொந்தக்காரனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ரௌ சோங் ரோங், பாலைவன ஜின்செங் என்பார்கள், உள் மங்கோலியாவின் அல்ஷா பக்கம் சாக்சாவுல் மரத்தின் வேரில் ஒட்டி வளர்வது. காட்டில் தோண்டித் தோண்டி அருகிப்போய், 2000-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு வந்தது. மணல் பரவாமல் தடுக்கச் சாக்சாவுல் மரங்களை நடுகிறார்கள், அதன் வேரில் இதன் விதையைப் போட்டு வருமானமும் பார்க்கிறார்கள். 2023-இல் சீன அரசு இதை உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. தர்தூத்தை அப்படி வளர்க்க முயன்று பார்க்கலாமே என்று பெரியவரிடம் கேட்டேன். முதலில் ரிம்த்தை வளர்க்க விடுங்கள், ஆயிரம் வண்டி மேலே ஓடுகிறதே என்றார். வார இறுதியில் மணலில் வண்டி ஓட்டி விளையாடுகிறவர்கள் நசுக்கும் புதர்களைச் சொன்னார். நீங்களும் வண்டியை ஏற்கெனவே இருக்கும் தடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே போங்கள்.

இன்னொன்று, வெள்ளைச் சட்டையில் போகாதீர்கள். முன்பு துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கையில் பட்டது இரண்டு நாளில் போய்விடும். சட்டையில் பட்ட கறையை நான் மூன்று வருடமாகத் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.